குதிரை மேலிருந்து ஒரு சாட்சி

1834 ஆகஸ்டில், எடின்பரோவை அடுத்த யூனியன் கால்வாயில் இரண்டு குதிரைகள் இழுத்துவந்த படகொன்று திடீரென்று நின்றது. படகு முன்தள்ளி வந்த நீர் நிற்கவில்லை. முகப்பில் திரண்டு, சுமார் 30 அடி நீளமும் ஓரடிக்குச் சற்று மேலான உயரமும் கொண்ட ஒற்றை மேடாகப் புறப்பட்டுப் போயிற்று. ஜான் ஸ்காட் ரஸ்ஸல் கரையோரமாகக் குதிரையில் அதைத் தொடர்ந்தார். மணிக்கு எட்டு ஒன்பது மைல் வேகம், ரூபம் கலையவில்லை. ஓரிரு மைல் கழித்துக் கால்வாயின் வளைவுகளில் அலையைத் தவறவிட்டார்.

பிறகு தொட்டியில் நீர் நிரப்பி அதே அலையைத் திரும்பத் திரும்ப உண்டாக்கினார். உயரமான அலை வேகமாகச் செல்லும் என்று கண்டார். 1844இல் அறிக்கை வெளியாயிற்று. மறு வருஷமே அரச வானியலாளர் ஏரி, உருமாறாமல் செல்லும் இப்படியோர் அலை சாத்தியமில்லை என்றார். ஸ்டோக்ஸும் சந்தேகப்பட்டார்.

ஏரி அறியாதவர் அல்ல. அலையின் உச்சி அடியை முந்துவதால் முகம் செங்குத்தாகிக்கொண்டே போகும் என்பது அவர் கணக்கு. அது பாதி உண்மை. குறுகிய அலைகளும் நீண்ட அலைகளும் வெவ்வேறு வேகத்தில் சிதறுவது மறுபாதி. கூராக்கமும் சிதறலும் ஈடாகும் இடத்தில்தான் அந்த மேடு நிலைக்கிறது. தன் சித்தாந்தத்தில் இடமில்லாததால், கண்ணால் கண்டதை இல்லை என்றார் ஏரி. நம் விமர்சகர்களுக்கும் பழக்கமான காரியம்தான் இது.

1871இல் பூஸினெஸ்க்கும் 1876இல் ராலேயும் ரஸ்ஸல் பக்கம் நியாயத்தைக் காட்டினர். 1882இல் ரஸ்ஸல் இறந்தார். 1895இல் கோர்ட்வெக்கும் டி விரீஸும் சமன்பாட்டை எழுதினர். 1965இல் ஸபுஸ்கியும் க்ருஸ்கலும் அதைக் கம்ப்யூட்டரில் இட்டபோது, இரண்டு அலைகள் மோதி ஊடுருவித் தத்தம் ரூபத்தோடு வெளியேறின. ‘ஸாலிடான்’ என்ற பெயர் அப்போது வந்தது. மறு வருஷம் வாஷிமியும் தனியூட்டியும் அதே சமன்பாட்டைப் பிளாஸ்மாவில் கண்டனர்.

பிளாஸ்மாவில் தூசு விழுந்தால் அசுத்தம் என்றுதான் தோன்றும். ஆனால் ஒவ்வொரு துகளும் ஆயிரக்கணக்கில் எலக்ட்ரான்களை ஏற்றுக்கொண்டு, தானே அலையின் பாரத்தைச் சுமக்கிறது. 1990இல் ராவ், சுக்லா, யூ மூவரும் இந்தத் தூசு அலையையும் அதன் ஸாலிடானையும் கணித்துச் சொன்னார்கள். 1995இல் ஐயோவா பல்கலைக்கழகத்தில் அந்த அலை காணப்பட்டது. விநாடிக்கு 9 சென்டிமீட்டர்தான் வேகம். 2008இல் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகத்தார், ஆர்கான் வாயுப் பிளாஸ்மாவில் வெண்களிமண் தூளிட்டுத் தனியலையை எழுப்பினார்கள். தூண்டல் மிக மிக வேகம் கூடியது, அகலம் குறைந்தது. உயரத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வந்த தொகை ஏறக்குறைய மாறவில்லை. 1895இன் சமன்பாடு கேட்பதும் அதுவே.

உயர்ந்தது விரையும் என்று ரஸ்ஸல் தொட்டியருகே நின்று எழுதிவைத்தது, தண்ணீரே இல்லாத ஒரு குழாய்க்குள் மறுபடி மெய்யாயிற்று.