தலைமையும் தலைமுறையும்
அமெரிக்கக் கறுப்பின மக்கள் இயக்கத்தில் மூத்தோரும் இளையோரும்

ஓர் இயக்கத்தின் தலைமை, தந்தை தனயனுக்கு எழுதிவைக்கும் நன்செய் நிலம் போன்றதன்று. மூத்தோர் மனமின்றித் தருவதும், இளையோர் கேளாமலே எடுத்துக்கொள்வதும் அங்கு இயல்பு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்ட வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1955 திசம்பரில் மாண்ட்கொமரி நகரில் பேருந்துப் புறக்கணிப்புத் தொடங்கியபோது, அதற்குத் தலைமையேற்ற மார்ட்டின் லூதர் கிங்கின் வயது 26. 1957இல் அவரும் பிற தேவாலயப் போதகர்களும் தென்னகக் கிறித்துவத் தலைமை மாநாடு என்னும் அமைப்பை நிறுவினர். மூன்றே ஆண்டுகளில், அந்த இளம் போதகரும் மூத்தோர் வரிசையில் வைத்து எண்ணப்படும் நிலை வந்தது.

1960 பிப்ரவரி முதல் நாள், வடகரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், வெள்ளையர்க்கு மட்டுமே உணவு பரிமாறிய ஒரு கடையின் சிற்றுண்டிப் பகுதியில் நான்கு கறுப்பின மாணவர்கள் அமர்ந்தனர். உணவு மறுக்கப்பட்டது, கடை மூடும்வரை அவர்கள் எழவில்லை. சில வாரங்களில் இவ்வமர்வுப் போராட்டம் தென்மாநில நகரங்கள் பலவற்றிலும் பரவிற்று. எந்தத் தலைவரின் அனுமதியையும் மாணவர்கள் நாடவில்லை.

இப்புதிய ஆற்றலின் பொருளை முதலில் உணர்ந்தவர் எல்லா பேக்கர் என்னும் பெண்மணி. 1903இல் பிறந்த அவர், அப்போது கிங்கின் அமைப்பில் செயல் இயக்குநர் பொறுப்பை வகித்தவர். அவ்வாண்டு ஏப்ரலில், தாம் பயின்ற ராலே நகரின் ஷா பல்கலைக்கழகத்தில் மாணவர்களை அவர் ஒன்றுகூட்டினார். மாணவர் எழுச்சியைத் தம் அமைப்பின் கிளையாக ஆக்கிக்கொள்ளத் தலைவர்கள் விழைந்தனர். பேக்கர் அதற்கு இசையவில்லை. மாணவர்கள் தம் வழியைத் தாமே தேர வேண்டும் என்றார். அவ்வாறு பிறந்ததே மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு. அதன் கூட்டங்களில் அவர் பேசியதைவிடக் கேட்டதே மிகுதி. மக்கள் தாமே வலிமை பெற்றுவிட்டால், அவர்களைச் சுமந்து செல்ல ஒரு பெருந்தலைவர் வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை.

மூத்தோர்க்கும் இளையோர்க்கும் இடையே இருந்த இழுபறி 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் பேரணியில் வெளிப்பட்டது. மாணவர் குழுவின் தலைவர் ஜான் லூயிஸுக்கு வயது 23. அரசு கொணர்ந்த உரிமை மசோதா போதாது எனக் கடுமையாகச் சாடி அவர் உரை எழுதியிருந்தார். வாஷிங்டன் பேராயர் அதை எதிர்த்தார். லிங்கன் நினைவகத்தில், மேடைக்குப் பின்னால் வாக்குவாதம் மூண்டது. அப்போது 74 வயதான பிலிப் ராண்டால்ஃப் மாணவர்களிடம் வந்தார். இரயில்வண்டிப் படுக்கைப் பெட்டிகளில் பணிபுரிந்த கறுப்பினத்தவர்க்கு 1925இல் சங்கம் கண்டவர். 1941இலேயே இத்தகைய பேரணியைத் திட்டமிட்டவர். இந்நாளுக்காகவே வாழ்நாளெல்லாம் காத்திருந்ததாகக் கூறி, உரையைத் திருத்துமாறு அவர் மன்றாடினார். இளைஞர்கள் பணிந்தனர். அச்சமோ ஆணையோ பணிய வைக்க முடியாதவர்களை ஒரு முதியவரின் காத்திருப்பு பணிய வைத்தது.

ஆயினும் அப்பணிவு நீடிக்கவில்லை. 1964இல் அட்லாண்டிக் நகரில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில், மிசிசிப்பியின் கறுப்பின மக்கள் சார்பில் சென்ற சுதந்திர ஜனநாயகக் கட்சிக்கு இரண்டே இடங்கள் தர முன்வந்தனர். மூத்த தலைவர்கள் பலர் ஏற்கச் சொன்னார்கள். ஃபேனி லூ ஹேமர் உள்ளிட்ட பேராளர்கள் மறுத்தனர். 1965 மார்ச்சில் செல்மா பாலத்தில் காவலர் தடியடியால் லூயிஸின் மண்டை ஓடு உடைந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில், அதே லூயிஸைத் தலைமையிலிருந்து நீக்கி, ஸ்டோக்லி கார்மைக்கேலைத் தேர்ந்தெடுத்தது மாணவர் குழு. 26 வயதிலேயே அவர் 'பழையவர்' ஆனார். அடுத்த மாதம் கிரீன்வுட் நகரில் 'கறுப்பர் அதிகாரம்' என்ற முழக்கம் எழுந்தது.

லூயிஸ் தளர்ந்துவிடவில்லை. 1986இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு திசம்பரில், தம் 83ஆம் பிறந்தநாளன்றே பேக்கர் மறைந்தார். 2008இல் குடியரசுத் தலைவர் வேட்பாளர் தேர்வில் லூயிஸ் முதலில் ஆதரித்தது ஹிலாரி கிளிண்டனை. அவர் தொகுதி மக்களோ இளைய பராக் ஒபாமாவுக்கு வாக்களித்தனர். மக்களின் விருப்பத்தை உணர்ந்து, பிப்ரவரியில் அவர் தம் முடிவை மாற்றிக்கொண்டார்.

2013இல் மூன்று பெண்கள் தொடங்கிய 'கறுப்பினத்தார் உயிர்களும் பொருட்டே' என்னும் இயக்கம், ஒற்றைத் தலைவர் என எவரையும் முன்னிறுத்தவில்லை. பேக்கர் விதைத்தது அரை நூற்றாண்டு கழித்து முளைத்தது எனலாம். 2020 சூன் மாதம், அவ்வியக்கத்தின் பெயர் பெரிய எழுத்துகளில் தீட்டப்பட்டிருந்த வாஷிங்டன் தெருவில், புற்றுநோயால் மெலிந்த லூயிஸ் வந்து நின்றார். அடுத்த மாதம், தம் 80ஆம் வயதில், அவர் காலமானார்.

ராண்டால்ஃப் இளையோரிடம் மன்றாடினார். பேக்கர் அவர்களுக்காக ஒதுங்கி நின்றார். லூயிஸ் இறுதியில் அவர்களைக் காண நடந்து சென்றார். மூத்தோர் செய்யத்தக்கவை இம்மூன்றுமே என்பதை அம்மக்களின் வரலாறு உணர்த்துகிறது.