பிக் கிளாஸின் கீழ் பணிக்கர்: ஓர் அரூப ஓவியம் துணியில் படியான வரலாறு

நெசவு ஆலையில் துணி சோதிப்பவரிடம் சிறிய மடக்குக் கண்ணாடி ஒன்று இருக்கும். பிக் கிளாஸ் என்பார்கள். ஓர் அங்குலத்தில் பாவு இழை எத்தனை, ஊடை இழை எத்தனை என்று எண்ணுவதற்கானது. கோவை வட்டாரத்தில் ஜவுளித் தொழில் செய்கிற வீடுகளில் குழந்தைகள்கூட அதை வைத்து விளையாடுவார்கள். அந்தக் கண்ணாடியை ஒரு கேன்வாஸ் பிரிண்டின் மேல் வைத்துப் பாருங்கள். எட்ட நின்றபோது பச்சையாகத் தெரிந்த இடத்தில் பச்சை இல்லை. நீலமும் மஞ்சளும் பொடிப்பொடிப் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். நடுநடுவே மெஜந்தா, அரிதாகக் கறுப்பு. இழையின் மேட்டில் மை தங்கியிருக்கும். இழைகள் சேரும் பள்ளத்தில் மை ஏற்பதற்காகப் பூசிய வெள்ளைப் பூச்சு எட்டிப் பார்க்கும். தூரிகை போன வழி எதுவும் அங்கே இருக்காது.

கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் சின்னங்களும்’ வரிசை ஓவியம் ஒன்றை இப்படித் துணியில் படியெடுத்தால் என்ன மிஞ்சும், என்ன போகும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அந்தக் கேள்வியைக் கோவையிலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. பணிக்கர் பிறந்தது இந்த ஊரில், 1911 மே 31 அன்று.

மலையாளக் குடும்பம். அன்று கோவையும் மலபாரும் ஒரே சென்னை மாகாணம்; பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆட்களும் மொழியும் தாராளமாக வந்துபோன காலம். ஊரின் முதல் பஞ்சாலையான ஸ்டேன்ஸ் மில் தொடங்கி 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. பைக்காரா மின்சாரம் வந்து ஆலைகள் பெருகியது அதற்கும் பிறகு, 1930களில். சிறு வயதிலேயே படம் வரையத் தொடங்கிய பணிக்கர், குடும்பச் சுமையால் தந்தித் துறையில் வேலைக்குப் போனார். 1936இல்தான் சென்னைக் கலைப்பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் மாணவராகச் சேர முடிந்தது. 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957இல் அதே பள்ளியின் முதல்வரானார். 1966இல் தம் மாணவர்களையும் தோழர்களையும் சேர்த்துச் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். 1977 ஜனவரியில் மறைந்தார்.

அவரை முன்னோடி என்று சொல்வது, உருவத்தைக் கைவிட்டார் என்பதற்காக அல்ல. அதை இந்தியாவில் வேறு பலரும் செய்தார்கள். 1963 வாக்கில் அவர் கண்டுபிடித்தது, அரூபத்துக்கு நம் ஊர் எழுத்துப் பரப்பிலேயே ஒரு வாசல் இருக்கிறது என்பதை. கணக்கு நோட்டு, ஜாதகக் கட்டம், மந்திரத் தகடு ஆகியவற்றை அழகுக்காக நாம் பார்ப்பதில்லை. ஆனால் அவற்றில் கோடும் எழுத்தும் எண்ணும் ஒரு பக்கத்தை நிரப்பும் ஒழுங்கு இருக்கிறது. பணிக்கர் அந்த ஒழுங்கை எடுத்துக்கொண்டார், பொருளை உதிர்த்துவிட்டார். மலையாள எழுத்துப்போல ஏதோ ஒன்று, கணிதக் குறிபோல ஏதோ ஒன்று, மூலையில் ஒரு பறவை. படிக்கத் தோன்றும், படிக்க முடியாது. கண் அந்த இடைவெளியில் அலைவதுதான் ஓவியம்.

இனி படியின் கதை. ஓவியத்தை அச்சாக்கி வீடுதோறும் சேர்க்கும் ஆசை நமக்கு ரவிவர்மாவிடமிருந்து வந்தது. 1894இல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று பல கற்களில் அச்சிட்ட ஓலியோகிராஃப் படங்களுக்கு வார்னிஷ் பூசி, எண்ணெய் ஓவியத்தின் மேற்பரப்பை நடிக்கச் செய்தார்கள். இன்றைய கேன்வாஸ் பிரிண்டின் ஆசை அன்றே இருந்திருக்கிறது. அந்த மரபைத் தமிழ்நாட்டில் காலண்டருக்குக் கொண்டுவந்தவர் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜு. அவரும் சென்னைக் கலைப்பள்ளியில் படித்தவரே. ஒரே பள்ளியில் பயின்ற இருவர்: ஒருவரின் முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்கள் வழியாக மளிகைக் கடைச் சுவர்வரை போயின, மற்றவரின் ஓவியங்கள் காட்சிக்கூடங்களோடு நின்றன. கொண்டைய ராஜு 1976இல், பணிக்கர் அடுத்த ஆண்டில் காலமானார்கள்.

இதை ரசனைக் குறை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காலண்டர் முருகனுக்கு மூலம் எது என்று யாரும் கேட்பதில்லை. பூஜை அறையில் மாட்டி, பொட்டு வைத்தவுடன் அச்சே மூலமாகிவிடுகிறது. அரூப ஓவியத்துக்கு அந்த வழி கிடையாது. அதன் உயிர் மேற்பரப்பில் இருக்கிறது. அன்றைய அச்சு முதலில் தவறவிட்டதும் அதைத்தான். தமிழ் வாசகர்கள் பலருக்கு நவீன ஓவியம் அறிமுகமானது சிற்றிதழ்களின் அட்டையில், கறுப்பு வெள்ளைக் கோட்டோவியமாக. பணிக்கர் முதல்வராக இருந்தபோது சென்னைக் கலைப்பள்ளியில் படித்த ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகள் அப்படித்தான் வீடுவந்தன. கோடு வந்தது, நிறம் வரவில்லை.

கொங்கு நாட்டில் துணியும் படமும் சேர்ந்த தொழில் தனியே ஒன்று இருந்தது: சினிமா பேனர். சிறு புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பல அடித் துணியில் பெரிதாக்கி வரையும் கலை. கோவையின் ஓவியர் ஜீவா அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர்தான். 2000த்தை ஒட்டி ஃப்ளெக்ஸ் அச்சு வந்து அந்தப் பட்டறைகளை மூட வைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் கேன்வாஸ் பிரிண்டும் இங்கே வந்தது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: மையைத் துளியாகத் தெளிக்கும் இயந்திரம். மேலைநாட்டில் 1991இல் ஜாக் டுகான் இந்த முறையில் எடுத்த கலைப்படிக்கு ‘ஜிக்ளே’ என்று பெயரிட்டார். தெளித்தல் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து எடுத்தது. நல்ல ஜிக்ளேயில் நிறமி மை இருக்கும், வெயில் படாமல் வைத்தால் பல்லாண்டு வெளுக்காது. விலை குறைந்த படி அப்படியல்ல.

பணிக்கரை இந்த இயந்திரத்தில் ஏற்றினால் இரண்டு சிக்கல்கள். ஒன்று, அளவு. இணையத்திலிருந்து எடுத்த 1000 பிக்சல் அகலமுள்ள ஃபைலை 60 செ.மீ. அகலத்துக்கு அச்சிட்டால் ஓர் அங்குலத்துக்கு 42 புள்ளிதான் வரும். தெளிவான அச்சுக்கு 150ஆவது வேண்டும். முகம், மலை, கடல் என்றால் கண் மன்னித்துவிடும். இங்கே எழுத்துப்போன்ற நுண்கோடுகள் கரைந்துபோகும்; படிக்கத் தோன்றும் அந்தத் தூண்டலே போய்விடும். 150 செ.மீ. ஓவியத்தை 60 செ.மீ. ஆக்கினால் 1 செ.மீ. குறி 4 மி.மீ. ஆகிறது. நடந்து நடந்து பார்த்த பக்கம், நின்ற இடத்தில் பார்க்கும் படமாகச் சுருங்கிவிடுகிறது. மற்றொன்று, பூச்சு. மெல்லிய நிறத்துக்குள்ளிருந்து கேன்வாஸின் இழை தெரிவதும், அதன் மேல் கோடு தடுமாறி ஓடுவதும் ஓவியத்தின் பகுதி. அச்சில் தெரியும் இழை வேறு துணியின் இழை.

இருந்தும் படியே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜாதகம் என்பதே படிதானே. ஓலையிலிருந்து நோட்டுக்கும், நோட்டிலிருந்து கல்யாணத் தரகர் கைக்கும் போகிற அந்தக் கட்டம் எத்தனை முறை நகலானாலும் ஜாதகமாகவே இருக்கிறது. நகலாகிப் பிழைத்த எழுத்து வடிவங்களிலிருந்து பிறந்த ஓவியத்துக்கு நல்ல நகல் ஒன்றும் அந்நியமில்லை. நல்ல நகல் என்றால், மூலத்தை நேரே படம்பிடித்து, நிறம் ஒப்பிட்டு, மூல அளவிலேயே அச்சிட்டது.

உரிமையும் இருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியர் மறைந்த அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். பணிக்கருக்கு அது 2037 டிசம்பர் 31 வரை. ஓவியத்தை விலைக்கு வாங்கியவருக்கும் அதைப் படியெடுக்கும் உரிமை தானாக வந்துவிடாது. கடைக்காரரிடம் ஃபைலைக் கொடுத்து ஒரு பிரிண்ட் போடச் சொல்பவர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்த கடைக்காரர்கள் கேட்டுவிட்டுப் போட வேண்டும். கேட்டால் வியாபாரம் குறையுமே என்று அஞ்சுவது சரியல்ல.

அவிநாசி சாலையிலுள்ள கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்தில் ஜவுளி அருங்காட்சியகமும் ஓவியக் காட்சிக்கூடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அதை நிறுவியவர் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவின் முதல் இயக்குநர்; தாமும் ஓவியர். துணியின் பக்கத்தில் ஓவியத்தை வைத்துப் பார்க்க இந்த ஊர் முன்பே பழகியிருக்கிறது. மூல அளவில் எடுத்த நல்ல படி ஒன்று, பின்புறத்தில் ஓவியரின் பெயர், ஆண்டு, மூலம் இருக்குமிடம் எழுதப்பட்டு, பணிக்கர் பிறந்த ஊரில் மாட்டப்பட வேண்டும் என்பது என் விருப்பம். அதைப் பார்த்துவிட்டு மூலத்தையும் பார்க்க நினைப்பவர் சோழமண்டலத்துக்குப் போகலாம்; அல்லது திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரிலேயே உள்ள காட்சிக்கூடத்துக்கு. கோவையிலிருந்து இரண்டும் ஓர் இரவு ரயில் பயணம்.