வீட்டுத் தொலைபேசியில் டயல் டோன் இல்லையா? முதலில் சுவிட்சைப் பாருங்கள்!

பாட்டிக்கு ஃபோன் போடுகிறீர்கள். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. பதறிப்போய் அவர் வீட்டுக்கு ஓடினால், பாட்டி நிம்மதியாக நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஃபோனே அடிக்கலையேப்பா!"

ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தால் நிசப்தம். வழக்கமாகக் கேட்கும் அந்தக் 'கூ...' ஓசை இல்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு. தொலைபேசியின் கம்பி கழன்றிருந்தாலும் அழைப்பவருக்கு மணி அடிப்பது போலவே கேட்கும். அதனால் கோளாறு இருப்பது பல நாள் யாருக்கும் தெரியாமல் போகலாம். கைத்தொலைபேசி வைத்துக்கொள்ளாத முதியவருக்கு, அவசரத்துக்கு 995 எண்ணை அழைக்க அந்த ஒரு ஃபோன்தான் இருக்கும்.

டயல் டோன் எங்கிருந்து வருகிறது?

முன்பு செம்புக் கம்பி வழியாகத் தொலைபேசி நிலையத்திலிருந்து வந்தது. ஃபோனுக்குத் தேவையான மின்சாரமும், ஏறக்குறைய 48 வோல்ட், அதே கம்பியில் வந்துவிடும். வீட்டில் மின்தடை என்றாலும் ஃபோன் வேலை செய்யும்.

இப்போது சிங்கப்பூரில் பல வீடுகளில் கண்ணாடியிழை இணைப்பு. கண்ணாடியிழை மின்சாரத்தைக் கொண்டுவராது. சுவரோரம் விளக்குகள் மின்ன ஒரு பெட்டி இருக்கிறதே, அதுதான் உங்களுக்கு டயல் டோன் தருகிறது. பெட்டிக்கு மின்சாரம் போனால் ஃபோனும் போச்சு.

பெரியவர்கள் பலருக்கு இரவில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுக்கும் பழக்கம் உண்டு. அந்தக் காலத்தில் அது ஃபோனைப் பாதிக்கவில்லை, இப்போது பாதிக்கும். ஆகவே முதலில் பெட்டியின் சுவிட்சைப் பாருங்கள். அணைந்திருந்தால் போட்டுவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். "இதை அணைக்காதீங்க" என்று எழுதி ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.

சுவிட்ச் சரியாக இருக்கிறதா? அடுத்தது கம்பி. ஃபோன் கம்பியின் முனையில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் கொக்கி எளிதில் உடையும். உடைந்தால் செருகியது போலத் தெரியும், ஆனால் தொடர்பு இருக்காது. 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். கம்பி பெட்டியில் ஃபோன் என்று குறித்துள்ள துளையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அருகிலுள்ள இணையத் துளை சற்றுப் பெரியது, ஃபோன் கம்பி அதிலும் நுழைந்துவிடும். கண்ணாடியிழைக்கு மாறிய பிறகும் பழைய சுவர்த் துளையிலேயே ஃபோனைச் செருகி வைத்திருப்பவர்களும் உண்டு.

வீட்டில் இரண்டு ஃபோன் இருந்தால், படுக்கையறையில் உள்ளது சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா? ஒன்று எடுத்தபடி கிடந்தால் மற்றதிலும் டயல் டோன் வராது. அழைப்பவருக்கு எங்கேஜ்ட் ஒலிதான். (எங்கள் வீட்டில் ஒருமுறை ரிசீவர் தலையணைக்கு அடியில் இருந்தது.)

ரிசீவரில் மெதுவாக ஊதுங்கள்

கம்பியுள்ள ஃபோனுக்கு இது நல்ல சோதனை. ஊதும் சத்தம் உங்கள் காதில் கேட்டால் ஃபோனுக்கு மின்சாரம் வருகிறது, கோளாறு பெரும்பாலும் சேவையில். கேட்கவில்லை என்றால் கம்பி, ஃபோன், பெட்டி ஆகியவற்றில் ஒன்று. வேறொரு ஃபோனை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். அதில் ஓசை வந்தால் பழைய ஃபோனை மாற்ற வேண்டியதுதான். கம்பியில்லா ஃபோன் என்றால், அடித்தளத்துக்கு மின்சாரம் வருகிறதா, பேட்டரி தேய்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

பெட்டிக்குள் போகும் மெல்லிய கண்ணாடியிழையை மட்டும் இழுக்காதீர்கள், மடக்காதீர்கள். கழற்றி அதன் முனையை உற்றுப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவும் செய்து பலனில்லையா? சேவை நிறுவனத்தைக் கைத்தொலைபேசியில் அழையுங்கள். பெட்டியில் எந்த விளக்கு எரிகிறது, எது சிவப்பு என்று சொல்லுங்கள், அல்லது ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதியவர் தனியாக இருக்கிறார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். பழுது சரியாகும்வரை பாட்டியிடம் ஒரு கைத்தொலைபேசியைக் கொடுத்து, 995-ஐ எப்படி அழுத்துவது என்று ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள்.