வெண்டளையின் கணக்கு

கணிதத்தின் அழகைக் கவிதையில் தேடுவோர் பெரும்பாலும் கணக்கைப் பாடுபொருளாகக் கொண்ட செய்யுள்களையே காட்டுவர். அவ்வழகு பாடுபொருளைவிட யாப்பின் கட்டமைப்பிலேயே மிகுதி என்பது இக்கட்டுரையின் துணிபு.

காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாச்சுளை வெண்பா பலரும் அறிந்தது. காம்பருகே உள்ள சிறுமுட்களை எண்ணி, 6ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை வரும் என்கிறது. 100 முள்ளுக்கு 120 சுளை. இவ்விதியை உரைநடையில் சொன்னாலும் கணக்கு குறைபடாது. யாப்பு இங்கே நினைவுக்குத் துணை மட்டுமே.

பிராகிருத யாப்பில் நிலைமை வேறு. இலகுவுக்கு 1 மாத்திரை, குருவுக்கு 2. குறித்த மாத்திரையளவில் எத்தனை அமைப்புகள் இயலும் என்பதை விரகாங்கரும், 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரரும் ஆராய்ந்தனர். ஈற்றெழுத்து இலகு அல்லது குரு. ஆகவே முந்தைய இரு எண்ணிக்கைகளின் கூட்டலே அடுத்தது: 1, 2, 3, 5, 8, 13. பைசா நகர லியனார்டோ 1202இல் எழுதிய நூலால் ஐரோப்பா அறிந்த இவ்வரிசை, இங்கே ஓசையை எண்ணியதில் பிறந்தது.

தமிழ் வெண்பாவும் இத்தகைய சோதனைக்கு இடம் தருகிறது. ஈற்றுச்சீர் நீங்கலாக அதில் வருபவை மாச்சீர் 2, விளச்சீர் 2, காய்ச்சீர் 4 என 8 வகை. மாமுன் நிரையும், விளமுன்னும் காய்முன்னும் நேரும் வரவேண்டும் என்பது வெண்டளை. அந்த எட்டில் நேரில் தொடங்குபவை 4, நிரையில் தொடங்குபவை 4. எனவே எந்தச் சீரை அடுத்தும் சரியாக நான்கு வாய்ப்புகளே எஞ்சும். நாலடி வெண்பாவின் முதற்சீருக்கு 8, அடுத்த 13 சீர்களுக்கு நந்நான்கு; நாள், மலர், காசு, பிறப்பு என்னும் ஈற்றுச்சீரில் தளைக்குப் பொருந்துபவை 2. பெருக்கினால் இரண்டின் 30ஆம் அடுக்கு, அதாவது 107,37,41,824 அமைப்புகள். தளை இல்லையெனில் இது இரண்டின் 44ஆம் அடுக்கு. 14 சந்திப்புகளில் ஒவ்வொன்றும் வாய்ப்பைச் சரிபாதியாக்குகிறது; எங்கும் விதிவிலக்கில்லை.

முன்னோர் இக்கணக்கைப் போட்டனர் என்பதல்ல வாதம். ஆயினும் அடிவகைகளை 625 என்று தொகுத்த தொல்காப்பியச் செய்யுளியல், எண்ணும் நோக்கு யாப்பியலுக்குப் புதிதல்ல எனக் காட்டுகிறது. ‘எண்ணிக்கை எப்படி அழகாகும்?’ என்று கேட்கலாம். எண்ணின் பெருமை இங்கே பொருட்டல்ல. செவிக்காக வகுத்த ஒரு விதி, எந்தச் சீரிடமும் ஓரவஞ்சனை காட்டாமல் சுதந்திரத்தைச் சமமாகப் பங்கிடுகிறதே, கணித அழகு என்பது அதுதான்.

இதை நூல்களில் சோதிக்கவும் வழியுண்டு. இவ்வமைப்புகள் அனைத்தையும் கணக்கில் கொண்டால், இரண்டாம் சீர் முதல் ஒவ்வோரிடத்திலும் முக்காற்பங்கு நேரசையில் தொடங்கும். நளவெண்பாவை முழுதும் அலகிட்டு, புகழேந்தி இந்த அளவை மிஞ்சுகிறாரா, குறைக்கிறாரா என்று பார்க்கவேண்டும். விலகல் தெரியும் இடங்களே இலக்கணத்தையும் புலவரின் செவியையும் பிரித்துக் காட்டும். யாப்பாய்வு இனி அங்கிருந்து தொடங்கட்டும்.