கம்ப்யூட்டர் ஒரு காலத்தில் மனிதர்!



'கம்ப்யூட்டர்' என்றதும் மேசைமேல் இருக்கும் பெட்டிதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஆங்கிலச் சொல் 1613-லேயே அச்சில் வந்துவிட்டது. அப்போது அதன் பொருள், கணக்குப் போடும் ஆள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பொருளே வழங்கியது. தாள், பேனா, மடக்கை அட்டவணை சகிதம் நாள் முழுதும் கணக்கிடுவது ஓர் உத்தியோகம். அதைப் பார்த்தவர்தான் கம்ப்யூட்டர்.

நம் நாட்டிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே ஒரு நேர்கோட்டை அளந்து லாம்டன் தொடங்கிய நில அளவைப் பணி, முக்கோணம் முக்கோணமாக இமயம் வரை நீண்டது. மலையேறிக் கோணங்களை அளந்தவர்கள் சிலர். அவற்றைத் தூரமாகவும் உயரமாகவும் கணக்கிட்டுத் தந்தவர்கள் கம்ப்யூட்டர்கள்.

1831-இல் அந்த வேலையில் சேர்ந்தவர் கல்கத்தா இளைஞர் ராதாநாத் சிக்தார். அவரைப் பரிந்துரைத்தவர், இந்துக் கல்லூரியில் அவருக்குக் கணிதம் கற்பித்த டைட்லர். ஓர் ஆசிரியருக்கு வேறென்ன பெருமை வேண்டும்! பின்னாளில் சிக்தார் தலைமைக் கம்ப்யூட்டர் ஆனார்.

'15-ஆம் சிகரம்' என்று குறித்துவைத்திருந்த மலையின் உயரம் 29,002 அடி என்று 1856-இல் அறிவித்தார்கள். அந்தக் கணக்கோடு சேர்த்துப் பேசப்படும் பெயர் சிக்தாருடையது. நூறு மைலுக்கு அப்பாலிருந்து பார்த்து, காற்றில் ஒளி வளைவதற்கும் திருத்தம் செய்து, கையால் போட்ட கணக்கு அது. செயற்கைக்கோள் துணையோடு 2020-இல் அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். வித்தியாசம் சுமார் 30 அடிதான்! ஆனால் 1865-இல் சிகரத்துக்குக் கிடைத்த பெயரோ, 1843-லேயே ஓய்வுபெற்றுவிட்ட அதிகாரி எவரெஸ்டுடையது.

அதோடு முடியவில்லை. 1851-இல் வந்த நில அளவைக் கையேட்டின் முன்னுரை, கணிதப் பகுதிகளுக்காகச் சிக்தாருக்கு நன்றி சொன்னது. 1870-இல் அவர் மறைந்தார். 1875 பதிப்பில் அந்த நன்றியைக் காணோம்! அவர் எழுதிய பகுதிகள் மட்டும் அப்படியே இருந்தன. ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகையிலேயே இதற்குக் கண்டனம் எழுந்தது.

1946-இல் அமெரிக்காவில் எனியாக் என்ற மின்னணுப் பொறியை உலகுக்குக் காட்டினார்கள். அதற்குக் கணக்குகளை அமைத்துக்கொடுத்த ஆறு பெண்களும் அதற்குமுன் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்த்தவர்களே. பல ஆண்டுகள் அவர்கள் பெயரும் வெளியே தெரியவில்லை. பொறி அவர்கள் வேலையை எடுத்துக்கொண்டது. உத்தியோகப் பெயரையும் எடுத்துக்கொண்டது.

தமிழிலும் இந்த உறவு உண்டு. காலத்தைக் கணித்துச் சொன்னவரைக் கணியன் என்றார்கள் நம் முன்னோர். கணினி என்ற இன்றைய சொல்லும் 'கணி' என்ற அதே வேரில் பிறந்ததுதான்.

'கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது' என்று இனி யாராவது சொன்னால், அந்தக் கணக்கை முதலில் போட்டவர் யார் என்று ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் ராதாநாத் சிக்தாரின் பெயரைச் சொல்லிக்கொடுங்கள்.

அனைவரும் நலமுடன் வாழ்க!