ஏட்டில் இல்லாத காயங்கள்



வரலாற்றுப் பாடம் என்றாலே போர்களும் அரசர்களும் ஆண்டுக் கணக்குகளும்தாம் என்று நம் மாணவர்களில் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அந்தப் போர்களில் யார் என்ன செய்தார் என்பது நமக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டால் விழிக்கின்றனர். எங்கோ ஓர் எழுத்தர் ஒரு படிவத்தில் எழுதிவைத்தார், அதனால் தெரிகிறது. அவர் எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகும்? இக்கேள்விக்கு விடை தேடுவோருக்கு ஹென்றி ஜான்சன் என்னும் அமெரிக்கப் படைவீரரின் வாழ்க்கை நல்லதொரு பாடம்.

அவர் 1918ஆம் ஆண்டு மே மாதத்தில் காட்டிய வீரத்துக்கு அவருடைய நாடு தன் மிக உயர்ந்த பதக்கத்தை 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வழங்கியது. இடையில் 97 ஆண்டுகள் ஓடிவிட்டன. அவர் மறைந்தே ஏறத்தாழ 86 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆர்கோன் காட்டில் ஓர் இரவு

ஹென்றி ஜான்சன் கறுப்பினத்தவர். வட கரோலினாவில் பிறந்து, இளம் வயதிலேயே நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகருக்கு வந்தவர். அந்நகரின் இரயில் நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைச் சுமந்து பிழைத்தார். 1917ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் படையில் சேர்ந்தார். அவர் சேர்ந்த படைப்பிரிவே பின்னர் 369ஆவது காலாட்படைப் பிரிவு என்று பெயர் பெற்றது.

அக்காலத்தில் அமெரிக்கப் படையில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் தனித்தனிப் பிரிவுகளாகவே வைக்கப்பட்டிருந்தனர். 369ஆவது பிரிவைத் தன் வெள்ளையர் பிரிவுகளோடு சேர்த்துப் போரிட வைக்க மனமில்லாத அமெரிக்கப் படைத்தலைமை, அதனைப் பிரெஞ்சுப் படையின் பொறுப்பில் விட்டது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பதக்கங்களைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

1918 மே 15ஆம் நாள் இரவு, பிரான்ஸின் ஆர்கோன் காட்டுப் பகுதியில் ஜான்சனும் நீடம் ராபர்ட்ஸ் என்னும் வீரரும் காவலில் இருந்தனர். குறைந்தது 12 பேர் கொண்ட ஜெர்மானியக் குழு ஒன்று அவர்களைத் தாக்கியது. ராபர்ட்ஸ் படுகாயம் அடைந்தார். ஜான்சன் கையெறிகுண்டுகளை வீசினார். அவை தீர்ந்ததும் துப்பாக்கியால் சுட்டார். துப்பாக்கி சிக்கிக்கொண்டதும் அதன் கட்டையால் அடித்தார். இறுதியில் கத்தியை உருவிக்கொண்டு நேருக்கு நேர் போரிட்டார். ராபர்ட்ஸைச் சிறைப்பிடித்து இழுத்துச் செல்ல முயன்றவர்களைத் தடுத்து நண்பரை மீட்டார். அந்த இரவில் ஜான்சனின் உடலில் 21 காயங்கள் ஏற்பட்டன என்று கூறப்படுகிறது.

பிரெஞ்சு அரசு தாமதிக்கவில்லை. 'குருவா த கேர்' என்னும் தன் போர்ச் சிலுவையை, தங்க ஓலைச் சின்னத்தோடு அவருக்கு அணிவித்தது. அவருடைய சொந்த நாடு அவருக்கு எந்தப் பதக்கமும் தரவில்லை.

விடுவிப்புத் தாள் சொன்னதும் சொல்லாததும்

1919 பிப்ரவரி 17ஆம் நாள் 369ஆவது பிரிவு நியூயார்க் நகரின் ஐந்தாம் நிழற்சாலையில் அணிவகுத்துச் சென்றது. மக்கள் திரண்டு வந்து ஜான்சனை வாழ்த்தினர். ஆரவாரம் அடங்கியதும் அவர் கையில் எஞ்சியது படையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான தாள்தான். அதில் அவர் காயமடைந்தார் என்ற குறிப்பே இல்லை!

படையை விட்டு வந்த ஒருவருக்கு அந்தத் தாள்தான் எல்லாம். வேலைக்குப் போனாலும், மருத்துவத்துக்குப் போனாலும், உதவித்தொகை கேட்டாலும் அதைத்தான் நீட்டவேண்டும். அலுவலர் அந்தத் தாளைப் பார்ப்பாரே தவிர, வந்தவரின் சட்டையைக் கழற்றித் தழும்பை எண்ணிக்கொண்டிருக்கமாட்டார். ஜான்சன் மீண்டும் இரயில் நிலைய வேலைக்குத் திரும்பினார். ஆனால் காயங்கள் அவரை உழைக்கவிடவில்லை. வறுமையில் வாடி 1929 ஜூலை மாதத்தில் இறந்தார். போரில் காயமடைந்தோருக்கு வழங்கப்படும் 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கம் இன்றைய வடிவில் தொடங்கப்பட்டது 1932ஆம் ஆண்டில்தான். அதைக் கேட்டு விண்ணப்பிக்க அவர் உயிரோடு இல்லை.

பதக்கங்கள் ஏட்டில் விடுபடுவது எப்படி?

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த விபத்து அன்று. அமெரிக்கப் படை ஆவணங்களில் பதக்கங்கள் விடுபட்டதற்கு மூன்று பெரிய காரணங்களைக் காணலாம்.

முதலாவது, காலம். ஒருவருடைய விடுவிப்புத் தாள் எழுதி முடிக்கப்பட்ட பிறகு அவருக்குரிய பதக்க ஆணை வரக்கூடும். இரண்டாம் உலகப் போரில் முன்னணிக் காலாட்படையினர் பெற்ற போர்ச் சின்னத்தை அடிப்படையாகக் கொண்டு அவர்களுக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் வழங்கலாம் என்று 1947ஆம் ஆண்டில் விதி செய்தனர். அதற்குள் பெரும்பாலான வீரர்கள் வீடு திரும்பிவிட்டனர். அவர்களுடைய 1945ஆம் ஆண்டுத் தாளில் 1947ஆம் ஆண்டின் பதக்கம் எப்படி இடம்பெறும்? தமக்கு அப்படியொரு தகுதி உண்டு என்று அறியாமலேயே இறந்தவர்கள் உண்டு.

இரண்டாவது, பாகுபாடு. முதல் உலகப் போர் முடிந்தபோதும் இரண்டாம் உலகப் போர் முடிந்தபோதும் 'மெடல் ஆஃப் ஹானர்' என்னும் மிக உயர்ந்த பதக்கம், அந்தப் போர்களில் ஈடுபட்ட கறுப்பின வீரர் ஒருவருக்குக்கூட வழங்கப்பட்டிருக்கவில்லை. பிரெஞ்சுப் படைத்தலைமை பாராட்டிய அதே வீரர்களை அவர்களுடைய சொந்தத் தலைமை கண்டுகொள்ளாமல் விட்டது. ஃபிரெடி ஸ்டவர்ஸ் என்னும் வீரர் 1918 செப்டம்பர் 28ஆம் நாள் பிரான்ஸில் போரிட்டு மாண்டார். அவருக்கு உயர்ந்த பதக்கம் வழங்கவேண்டும் என்ற பரிந்துரை அப்போதே எழுதப்பட்டது. ஆனால் அந்தத் தாள் நடவடிக்கை எதுவுமின்றிக் கோப்புகளுக்குள் கிடந்தது. 1990ஆம் ஆண்டில் அது கண்டெடுக்கப்பட்டு, 1991 ஏப்ரல் 24ஆம் நாள் அவருடைய சகோதரிகளிடம் பதக்கம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் கறுப்பின வீரர்கள் எழுவருக்கு 1997 ஜனவரி 13ஆம் நாள் இதே பதக்கம் வழங்கப்பட்டது. அன்று உயிரோடிருந்து அதைப் பெற்றவர் வெர்னன் பேக்கர் ஒருவரே.

மூன்றாவது, நெருப்பு. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே இருந்த தேசியப் பணியாளர் ஆவண நிலையத்தில் 1973 ஜூலை 12ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் தீப்பிடித்தது. முற்றாக அணைய நான்கு நாள்களுக்கு மேல் ஆயிற்று. 1 கோடியே 60 இலட்சம் முதல் 1 கோடியே 80 இலட்சம் வரையிலான படைவீரர் கோப்புகள் அழிந்தன. 1912ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1960ஆம் ஆண்டு தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் கோப்புகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு போயின. அவற்றுக்குப் படியும் இல்லை, நுண்படச்சுருளும் இல்லை. இரண்டு உலகப் போர்களின் வீரர்களும் கொரியப் போரின் வீரர்களும் ஓர் இரவில் சான்றற்றவர்களானார்கள்.

திருத்தும் வழி

பிழை நேர்ந்தால் திருத்த வழியும் வைத்திருக்கிறார்கள். 1950ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் படையில் 'டிடி 214' என்பதே விடுவிப்புப் படிவம். அதில் விடுபட்டதைச் சேர்க்க 'டிடி 215' என்னும் திருத்தப் படிவம் உண்டு. மூலத்தாளை அழித்துத் திருத்தமாட்டார்கள்; திருத்தத் தாளை அதனோடு இணைத்துவிடுவார்கள். சிக்கலான வழக்குகளை விசாரிப்பதற்கு, 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில் அமைந்த ஆவணத் திருத்த வாரியங்கள் இருக்கின்றன. பிழையைக் கண்டறிந்த மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி. நீதியின் பொருட்டு அந்தக் கெடுவைத் தளர்த்தவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஏடு சரியானது என்ற எண்ணத்தோடுதான் விசாரணை தொடங்கும். பிழை என்று காட்டவேண்டிய பொறுப்பு விண்ணப்பித்தவருடையது. எனவே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படைப்பிரிவின் நாட்குறிப்பு, சம்பளப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்பு, தோழர்களின் கடிதம் என்று துண்டு துண்டாகச் சேர்க்கின்றனர். தீயில் கோப்பை இழந்தவர்களின் வரலாறும் இத்தகைய துண்டுகளிலிருந்தே மீட்டெடுக்கப்படுகிறது. ஒரு தாளில் விட்டதை நிரூபிக்க இன்னொரு தாள் வேண்டும்!

ஜான்சனுக்குக் கிடைத்த நீதி

ஜான்சனுக்காக ஆல்பனி மக்களும் முன்னாள் வீரர்களும் பல்லாண்டுகள் போராடினர். 1996ஆம் ஆண்டில் அவருக்குப் 'பர்ப்பிள் ஹார்ட்' வழங்கப்பட்டது. அவர் காயமடைந்தார் என்பதை அரசு ஒப்புக்கொள்ள அத்தனை காலம் பிடித்தது. 2002ஆம் ஆண்டில் 'டிஸ்டிங்குவிஷ்ட் சர்வீஸ் கிராஸ்' என்னும் இரண்டாம் நிலைப் பதக்கம் கிடைத்தது. மிக உயர்ந்த பதக்கத்துக்கு மேலும் வலுவான சான்று தேவைப்பட்டது. அமெரிக்கப் படைகளின் தலைவராக இருந்த ஜெனரல் பெர்ஷிங், அந்தச் சண்டை நடந்த சில நாள்களிலேயே ஜான்சனையும் ராபர்ட்ஸையும் பாராட்டி அனுப்பிய செய்தி பின்னர் தேடி எடுக்கப்பட்டது. நடந்த காலத்திலேயே எழுதப்பட்ட அந்தச் சில வரிகள் வழக்கின் தன்மையை மாற்றின. காலக்கெடுவைத் தளர்த்த 2014ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. 2015 ஜூன் 2ஆம் நாள் அதிபர் ஒபாமா அவருக்கு 'மெடல் ஆஃப் ஹானர்' வழங்கினார்.

ஏடு வேறு வகைகளிலும் உண்மையைச் சொன்னது. ஜான்சன் ஆல்பனியில் ஏழைகளின் இடுகாட்டில் புதைக்கப்பட்டார் என்றே நெடுங்காலம் நம்பினர். ஆனால் அவர் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டிருந்தார் என்பது 2002ஆம் ஆண்டில் வெளியானது. அங்கே அவர் பெயர் வில்லியம் ஹென்றி ஜான்சன் என்று பதிவாகியிருந்தது. அதே போல, அவருடைய மகன் என்று எல்லாராலும் கருதப்பட்டவர் அவருக்கு உறவினர் அல்லர் என்பதையும் 2015ஆம் ஆண்டில் படைத்துறை ஆய்வு காட்டியது. பாசத்தோடு போராடிய குடும்பத்துக்கு அது வேதனை. ஆயினும் ஏட்டைத் திருத்தப் புறப்பட்டவர்கள் ஏடு காட்டும் உண்மையையும் ஏற்கத்தான் வேண்டும்.

2023ஆம் ஆண்டில் லூசியானா மாநிலத்துப் படைத்தளம் ஒன்றுக்கு ஜான்சனின் பெயர் சூட்டப்பட்டது. 2025ஆம் ஆண்டில் அந்தப் பெயர் நீக்கப்பட்டு, பழைய 'போல்க்' என்ற பெயரே மீண்டும் வைக்கப்பட்டது. பெயர்ப் பலகையை மாற்றிவிடலாம். திருத்தப்பட்ட ஆவணம் அப்படியே நிற்கிறது.

நமக்கு இதில் என்ன?

அமெரிக்க வீரரின் கதை தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். சயாம் மரண இரயில் பாதையை எண்ணிப் பாருங்கள். காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் நேச நாட்டுக் கைதிகளின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதே பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட நம் தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஜான்சனுக்குத் திருத்துவதற்கு ஒரு தாளாவது இருந்தது. இவர்களுக்குப் பெயர்களை எழுதிவைத்த ஏடே அரிது. தோட்டத்துச் செக்ரோலில் கிராணி தம் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்தான் பலருக்கு எஞ்சிய ஒரே பதிவு.

எனவே பெற்றோர்களே, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய சம்பளச் சீட்டு, சேவைச் சான்றிதழ், பின்னால் பெயர் எழுதிய நிழற்படம் எதையும் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். படி எடுத்து, யாருடையது, எந்த ஆண்டு என்று எழுதிவையுங்கள். தாத்தா பாட்டி சொல்வதை அவர்கள் இருக்கும்போதே தேதியிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் சான்றிதழில் பெயரோ எண்ணோ பிழையாக இருந்தால், 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடாதீர்கள். நாள் ஆக ஆகச் சான்று தேய்கிறது.

ஆசிரியப் பெருமக்களே, நாமும் ஒரு வகையில் எழுத்தர்கள்தாம். போட்டியில் வென்ற மாணவனின் பெயரையும், நோயோடு பள்ளிக்கு வந்த மாணவியின் முயற்சியையும் அன்றன்றே பதிவேட்டில் எழுதுவதற்கு நமக்கு ஐந்து நிமிடம் போதும். 1919ஆம் ஆண்டில் ஒருவர் எழுதாமல் விட்ட வரியை மீண்டும் எழுதச் செய்வதற்கு ஒரு நகரமே போராட வேண்டியிருந்தது.

மாணவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். தத்தம் குடும்பத்தில் எழுதப்படாமல் போன ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லுங்கள். நல்ல தொடக்கமாக இருக்கும்.