பழைய அதிவேகப் படகு வாங்குகிறீர்களா? குடும்பத்திற்கு ஏற்றதா என்று முதலில் பாருங்கள்

போர்ட்டிக்சன், லூமுட், லங்காவி படகுத்துறைகளில் ‘விற்பனைக்கு’ என்ற அட்டையுடன் நிற்கும் வேகப்படகுகளைப் பார்த்திருப்பீர்கள். 24 முதல் 30 அடி நீளம், பின்னால் ஒன்றோ இரண்டோ பெரிய இயந்திரங்கள். புதிதாக வாங்கினால் பல லட்சம் வெள்ளியாகும் படகு, பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பின் ஒரு காரின் விலைக்கு இறங்கி வந்துவிடும். அண்ணன் தம்பிகள் மூன்று பேர் சேர்ந்தாலோ, ஓய்வு பெற்றவர் இ.பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுத்தாலோ வாங்கிவிடலாம் என்ற ஆசை அங்குதான் பிறக்கிறது.

விலை அவ்வளவு இறங்குவதற்குக் காரணம் உண்டு. படகின் விலைதான் பழையது. உதிரிப்பாகங்களின் விலை புதியது. 300 குதிரைசக்தி இயந்திரத்தின் தண்ணீர்ப் பம்போ, கியர் பகுதியோ கெட்டுப்போனால், படகை மலிவாக வாங்கினோம் என்பதற்காகக் கடைக்காரர் குறைத்துக் கொடுக்கமாட்டார். ஆகவே, எவ்வளவு வேகம் போகும் என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. எங்கே போகப் போகிறோம், யார் யார் வருவார்கள், வருடத்திற்கு எத்தனை முறை போவோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

அடிப்பாகத்தின் வடிவம்

இன்றைய வேகப்படகுகளில் பலவற்றின் அடிப்பாகம் ஆழமான ‘வி’ எழுத்து வடிவில் இருக்கும். அமெரிக்க வடிவமைப்பாளர் ரே ஹண்ட் வரைந்த இந்த அமைப்பு, 1960ஆம் ஆண்டு மயாமி - நாசாவ் கடல் பந்தயத்தில் 31 அடி பெர்ட்ராம் படகு வென்ற பிறகு உலகெங்கும் பரவியது. பின்பக்கத்தில் ஏறக்குறைய 24 பாகை சரிவு இருப்பதால், அலையை அடித்து மோதாமல் வெட்டிக்கொண்டு போகும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆழமான ‘வி’ படகு நின்றவுடன் தொட்டில்போல் ஆடத் தொடங்கும். வேகம் எடுக்க அதிக எண்ணெயும் குடிக்கும். தூண்டில் போட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க விரும்பும் தாத்தாவும், ஐந்து நிமிட ஆட்டத்தில் வாந்தி எடுக்கும் பாட்டியும் வருவதாக இருந்தால் அது பொருந்தாது. லூமுட்டிலிருந்து பங்கோர், கோலா பெர்லிஸிலிருந்து லங்காவி என்று நல்ல பருவத்தில் போகிற குடும்பத்திற்கு 18 முதல் 20 பாகை சரிவுள்ள படகே போதும். மெர்சிங்கிலிருந்து தியோமான் வேறு கதை. ஏறக்குறைய 30 கடல் மைல் திறந்த கடல்; அங்கே ஆழமான ‘வி’ உதவும். ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எந்த வடிவமும் குடும்பத்தைக் காப்பாற்றும் என்று நம்பிப் போகக்கூடாது. மேற்குக் கரையில் விடியற்காலையில் திடீரென்று அடிக்கும் ‘சுமத்ரா’ புயல்காற்றும் அப்படித்தான்.

ஐரோப்பியத் தரமுள்ள படகுகளில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து பொறித்த தகடு இருக்கும். ‘சி’ என்றால் கரையோரக் கடல், 2 மீட்டர் வரை அலை. ‘டி’ என்றால் ஆறு, ஏரி போன்ற அமைதியான நீர் மட்டும். எத்தனை பேர் ஏறலாம் என்பதும் அதிலேயே இருக்கும். பார்க்கப் பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக ‘டி’ படகில் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

எண்ணெய்க் கணக்கு

பெட்ரோல் இயந்திரம் முழு வேகத்தில் ஓடினால், ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு ஏறக்குறைய 0.38 லிட்டர் செலவாகும் என்பது படகுக்காரர்களின் பொதுக் கணக்கு. 300 குதிரைசக்தி இயந்திரங்கள் இரண்டு இருந்தால், மணிக்கு 228 லிட்டர். வேகத்தைக் குறைத்து நிதானமாக ஓட்டினால் அதில் பாதி, அதாவது சுமார் 110 லிட்டர் ஆகும்.

மணிக்கு 25 கடல் மைல் வேகத்தில் தியோமான் போக 1 மணி 12 நிமிடம். போக 132 லிட்டர், வர 132 லிட்டர். லிட்டருக்கு 3 வெள்ளி என்று வைத்தாலும் எண்ணெய்க்கு மட்டும் சுமார் 790 வெள்ளி. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு என்பது கடலில் பழைய வழக்கம். அதன்படி புறப்படும்போது தொட்டியில் 400 லிட்டர் இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, ஒரே இயந்திரமுள்ள படகு போதும் என்று பலர் மனம் மாறுவதுண்டு. இரட்டை இயந்திரத்தில் ஒன்று நின்றாலும் மற்றொன்றில் மெதுவாகக் கரை சேரலாம் என்பது உண்மைதான். பராமரிப்புச் செலவு இரண்டு மடங்கு என்பதும் உண்மை.

இயந்திரம்

வெளியே மாட்டும் அவுட்போர்டு ஒரு வகை. இயந்திரம் படகின் உள்ளேயும் அதன் ‘கால்’ வெளியேயும் இருக்கும் ஸ்டெர்ன்டிரைவ் இன்னொரு வகை. பழைய வேகப்படகுகளில் இரண்டாவது வகை மலிவாகக் கிடைக்கும். நம் உப்புக் கடலில் அது சிரமம். கடல் நீர் பாயும் புகைக்குழாய்ப் பகுதிகளைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் தண்ணீர் நேராக இயந்திரத்துக்குள் போகும். காலைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கிழிந்தால் படகே மூழ்கலாம். அதைவிட முக்கியம், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தேங்கி நிற்கும். அதனால்தான் உள் இயந்திரத்தை முடுக்கும் முன் 4 நிமிடம் காற்றாடி ஓடவேண்டும் என்ற விதி. அந்தக் காற்றாடி வேலை செய்யாத படகை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். குடும்பத்திற்கு என்றால், நல்ல நிலையில் உள்ள அவுட்போர்டே மேல்.

பத்து வருடத்தில் 100 மணி நேரம்தான் ஓடியது என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் மகிழ வேண்டாம். ஓடாமல் நிற்கும் இயந்திரத்தில் எண்ணெய் கெடும், உப்பு அரிக்கும். நவீன அவுட்போர்டுகளின் கணினிப் பதிவைப் பட்டறையில் எடுத்துப் பார்க்கலாம்; எத்தனை மணி நேரம், எந்த வேகத்தில் ஓடியது என்பது அதில் தெரியும். சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்ல வேண்டும். ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் சந்தேகம்தான். கியர் எண்ணெய் பால் காப்பி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

கார் பார்க்கும் போமனை அழைத்துக்கொண்டு போவது போதாது. படகைப் பரிசோதிக்கும் கடல்சார் சர்வேயர், விற்பவருக்கு வேண்டியவராக இல்லாமல், வாங்குபவர் கூலி கொடுத்து அமர்த்தியவராக இருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத அழுகல்

ஃபைபர் படகு அழுகாது என்று பலர் நினைக்கிறார்கள். பழைய படகுகள் பலவற்றில் ஃபைபருக்கு உள்ளே பலகை இருக்கிறது. இயந்திரம் மாட்டியிருக்கும் பின்சுவர், அதாவது டிரான்சம், தரைக்குக் கீழே ஓடும் நீளக் கட்டைகள் ஆகியவற்றில் ஒரு திருகாணித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் போதும். வெளியே பளபளப்பு, உள்ளே ஊறிய பலகை. பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், ஊறிய இடம் மந்தமாகக் கேட்கும். அவுட்போர்டைத் தூக்கி நிறுத்தி, அதன் கீழ்ப்பகுதியில் ஓர் ஆள் எடையைக் கொடுத்து அழுத்தும்போது டிரான்சம் அசைந்தால் அந்தப் படகு வேண்டாம். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு சில நேரம் படகின் விலையையே தாண்டும். தரைக்கு அடியில் மூடி வைத்திருக்கும் அலுமினிய எண்ணெய்த் தொட்டியும் அப்படியே. அரித்துப் போனால் தரையை அறுத்துத்தான் வெளியே எடுக்க முடியும்.

கடலில் ஓட்டிப் பார்க்கும் நாளில், இயந்திரம் முன்கூட்டியே சூடாக்கப்பட்டிருக்கிறதா என்று கை வைத்துப் பார்க்க வேண்டும். குளிர்ந்த இயந்திரம் எப்படி முடுக்கம் கொள்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குறைந்தது ஒரு மணி நேரமாவது, குடும்பம் முழுவதும் ஏறினால் எவ்வளவு எடையோ அவ்வளவு எடையுடன் ஓட்ட வேண்டும். முழு வேகத்தில் தயாரிப்பாளர் சொல்லும் சுழற்சி எண்ணிக்கையை எட்டாவிட்டால், சுழலி தவறானதாக இருக்கலாம், அல்லது படகு தண்ணீரைக் குடித்துக் கனத்திருக்கலாம். கரைக்கு வந்ததும் அடித்தளத்தைத் திறந்து புதிதாகத் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

வேகமும் பிள்ளைகளும்

மணிக்கு 30 கடல் மைல் என்றால் வினாடிக்கு 15 மீட்டர். மலாக்கா நீரிணையில் மிதந்து வரும் மரக்கட்டை 50 மீட்டர் தூரத்தில் கண்ணில் பட்டால், திருப்புவதற்கு மூன்று வினாடிதான் கிடைக்கும். வலைகளும் அப்படியே. இருட்டில் அதுவும் கிடைக்காது.

ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் இயந்திரத்தை நிறுத்தும் அவசரக் கயிறு வேலை செய்கிறதா என்பதை வாங்கும் முன்பே இழுத்துப் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் இல்லாமல் வட்டமிடும் படகின் சுழலி, தண்ணீரில் விழுந்தவரிடமே திரும்பி வரும். வேகமாகப் போகும்போது முன்பக்கத்தில் யாரையும் உட்கார வைக்கக்கூடாது. அலையின் அடி முதுகெலும்பில் இறங்கும் இடம் அது. பிள்ளைகளுக்கு அவர்கள் எடைக்கு ஏற்ற மிதவைச் சட்டை வேண்டும். பெரியவர்களுடையதைக் கட்டிவிட்டால் தண்ணீரில் கழன்றுவிடும். இயந்திரம் ஓடும்போது பின்பக்க மேடையில் யாரும் இருக்கக்கூடாது, புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

பத்திரங்கள்

காருக்குக் கிராண்ட் பார்ப்பதுபோல், படகின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்பதைக் கடல்துறை இலாகாவில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பின்பக்கம் வலது மூலையில் பொறித்துள்ள படகு எண்ணும், இயந்திரங்களின் தொடர் எண்களும் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். எண் சுரண்டப்பட்ட அவுட்போர்டு திருட்டுச் சாமானாக இருக்கலாம். லங்காவி வரியில்லாத் தீவு என்பதால், அங்கிருந்து தீபகற்பத்திற்குக் கொண்டுவரும் படகுக்கு வரி கட்டப்பட்டதா என்பதற்கான ரசீதையும் கேட்க வேண்டும். சிங்கப்பூரில் வாங்குபவர்கள் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் படகு உரிமத்தோடு, விசைப்படகு ஓட்டுவதற்கான தனி உரிமமும் பெறவேண்டும். அங்கிருந்து ஜோகூர் பக்கம் வருவதானால் குடிநுழைவு நடைமுறையும் உண்டு.

முன்பணம் கேட்டால் கொடுக்கலாம். ஆனால் சர்வேயர் அறிக்கையும் கடலோட்டமும் திருப்தி இல்லையென்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்ட பிறகு கொடுக்க வேண்டும்.